எக்ஸ்ரே அழகாக இருந்தால் போதாது, விரல் மடங்க வேண்டும்

எலும்பு அறுவை சிகிச்சையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது விரலின் நடு மூட்டுதான். பந்து பட்டு விரல் நுனியில் அடி வாங்கியவர்கள் பாதிப் பேர், ‘சுளுக்குதான், இழுத்து விட்டாச்சு’ என்று இருந்துவிட்டுச் சில வாரம் கழித்துத்தான் வருவார்கள். அதற்குள் மூட்டு இறுகிப்போய், மடக்கச் சொன்னால் பாதியில் நின்றுவிடும். எக்ஸ்ரேயில் நடு எலும்பின் அடிப்பகுதியில் உள்ளங்கைப் பக்கத்து விளிம்பு உடைந்து, எலும்பு புறங்கைப் பக்கமாக விலகியிருக்கும். அதுவும் அந்த ஒரு விரலை மட்டும் சரியான பக்கவாட்டில் எடுத்தால்தான் தெரியும், முழுக் கையையும் ஒரே படத்தில் எடுத்தால் விரல்கள் ஒன்றையொன்று மறைத்துவிடும். இந்த ஒரு படத்துக்காக நான் எக்ஸ்ரே அறைக்குப் போய்ப் பக்கத்தில் நிற்பதுண்டு.

உடைந்த துண்டு மூட்டுப் பரப்பில் 30 சதவீதத்துக்குள் என்றால் பெரும்பாலும் கத்தி வேண்டாம். முழுதாக நீட்டவிடாத ஸ்ப்ளின்ட் (விரலைத் தாங்கும் பட்டை) போட்டு, மடக்க மட்டும் விட்டால் போதும். 50-ஐத் தாண்டினால் மூட்டு நிற்காது, விலகிக்கொண்டே இருக்கும். ஒரே பெரிய துண்டாக இருந்தால் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் தடிமனில் சின்னத் திருகுகள் போடலாம். நொறுங்கியிருந்தால் வெளியே கம்பியும் ரப்பர் பேண்டும் கட்டி மூட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும், விளிம்பே போயிருந்தால் மணிக்கட்டின் ஹேமேட் எலும்பில் ஒரு துண்டு வெட்டி அங்கே பொருத்துவோம். எனக்குப் பிடித்தது அந்த ரப்பர் பேண்ட் முறைதான், பார்க்கப் பயமாக இருந்தாலும் ஓரிரு நாளிலேயே விரலை மடக்க ஆரம்பித்துவிடலாம்.

விரலில், ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கலந்த ஊசி போடவே கூடாது என்று ஒரு காலத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது லிக்னோகைன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தோடு அளவாகக் கலந்து போடுகிறோம், ரத்தம் கசிவது குறைவதால் கைக்கு இறுக்குப்பட்டை கட்டத் தேவையில்லை, நோயாளியும் விழித்தே இருப்பார். திருகு போட்டு முடித்து, தையலுக்கு முன்னால், ‘மெதுவா மடக்குங்க’ என்பேன். திறந்த மூட்டில் எலும்பு தடையில்லாமல் வழுக்கி நகர்வதையும், துண்டு அசையாமல் நிற்பதையும், விரல் பக்கத்து விரல்மேல் ஏறாமல் நேராக மடங்குவதையும் அங்கேயே பார்த்துவிடலாம். ஏதாவது இடறினால் அப்போதே சரிசெய்துவிட முடியும். மயக்கத்தில் இருப்பவரிடம் இதைக் கேட்க முடியுமா?

அப்புறம் நடப்பது முழுக்க பிசியோவின் கையிலும் நோயாளியின் பிடிவாதத்திலும்தான் இருக்கிறது. வலிக்குப் பயந்து கட்டைப் பிரிக்காமல் வைத்திருந்தால் தசைநாண் ஒட்டிக்கொள்ளும், அப்போது நான் போட்ட திருகால் ஒரு பயனும் இல்லை. வீக்கம் வடிய மாதக்கணக்கில் ஆகும், மூட்டு கொஞ்சம் தடித்தேகூட நின்றுவிடலாம். பழைய மோதிரம் ஏறாமல் போகலாம் என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிடுகிறேன்.