காவலூரில் லித்தியத்தை நினைத்தபடி

கோடையில் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி வளர்ந்தவர்களுக்கு, மேலே வந்த ஒரு குடம் தண்ணீரை வைத்தே அடியில் ஓடுவதைக் கணிக்கத் தெரியும். விண்மீன்களின் உட்புறத்தை அறியும் முறையும் ஏறக்குறைய இதுதான் என்பது, ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குச் சென்றுவந்தபின் எனக்கு விளங்கியது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்கிவருகிறது; பழைய வடஆர்க்காட்டுக்கு இதைவிடப் பெரிய பெருமை உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை.

விண்மீனின் ஒளியை நிறமாலையாக விரித்தால், 670.8 நானோமீட்டரில் சிலவற்றில் ஒரு மெல்லிய கருங்கோடு தெரியும். அது லித்தியத்தின் கோடு. சுமார் 25 இலட்சம் கெல்வின் வெப்பத்திலேயே லித்தியம் புரோட்டான்களோடு வினைபுரிந்து அழிந்துவிடுவதால், மேற்பரப்பு வாயு எவ்வளவு ஆழம் போய்த் திரும்பியது என்பதற்கு அது நல்ல சாட்சி.

நம் சூரியனே இதில் ஒரு புதிர். விண்கற்களில் உள்ளதோடு ஒப்பிட்டால் சூரியப் பரப்பில் லித்தியம் ஏறக்குறைய 150 மடங்கு குறைவு. ஆனால், உலையரிசி போல வாயு கொதித்துப் புரளும் வெளிமண்டலம் ஆரத்தின் 30 விழுக்காடு ஆழம் வரைதான் செல்கிறது. அதன் அடியில் வெப்பம் 25 இலட்சத்தைத் தொடவில்லை. ஆகவே அதற்கும் கீழே, மிக மெதுவாக, வேறொரு கலப்பு நடந்திருக்க வேண்டும். சுழற்சியால் நேர்வதா, அலைகளால் நேர்வதா என்று இன்றும் விவாதிக்கிறார்கள்.

சூரியன் முதுமையில் செம்பேருருவாக வீங்கும்போது இப்புரளல் உள்ளாழம் வரை இறங்கி, அங்கு வெந்த பொருளை மேலே கொணரும். எஞ்சிய லித்தியமும் பெரும்பாலும் அழியும். அத்தோடு கதை முடிந்தது என்றே கருதப்பட்டது. ஆனால் 2020-இல் இந்திய வானியற்பியல் நிறுவனத்தினர் வெளிநாட்டு அறிஞர்களோடு சேர்ந்து, ஆஸ்திரேலிய விண்மீன் கணக்கெடுப்பின் தரவுகளைக் கொண்டு வேறொன்றைக் காட்டினர்: மையத்தில் ஹீலியத்தை எரிக்கும் நிலையை எட்டிய சூரியனையொத்த விண்மீன்களில், அதற்கு முந்தைய கட்டத்தைவிட லித்தியம் சராசரியாக 40 மடங்கு மிகுதி. அழிந்துபோனது மீண்டும் பிறந்திருக்கிறது!

இரண்டு ஹீலிய அணுக்கருக்கள் சேர்ந்து பெரிலியம்-7 உருவாகும். அது எலக்ட்ரான் ஒன்றைக் கவர்ந்து லித்தியமாக மாறும். இதை வானியற்பியலாளர்கள் கேமரனும் ஃபௌலரும் 1971-லேயே விளக்கியிருந்தனர். பிறக்கும் இடத்திலேயே லித்தியம் எரிந்துவிடும் என்பதால், பெரிலியம் மாறுவதற்கு முன்பே குளிர்ந்த மேல்மண்டலத்துக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். ஹீலியம் திடீரெனப் பற்றிக்கொள்ளும் கணத்தில் அந்த விரைவான கலப்பு எழுகிறதா என்பதைத்தான் இப்போது தேடுகிறார்கள்.