கையில் ஹெல்மெட்டோடு மாங்குளம் சந்தியில்

காலை ஆறே காலுக்கு மாங்குளம் சந்தியில் ஒருவர் கையில் ஹெல்மெட்டோடு நின்றால், அவர் மோட்டார் சைக்கிளை எங்கேயோ விட்டுவிட்டு நிற்கிறார் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். எங்களுக்குத் தெரியும், அவருக்கு லிஃப்ட் வேண்டும். பின்னால் இருப்பவர் ஹெல்மெட் போடாவிட்டால் பொலிஸ் மறிக்கும், தண்டம் கட்டுவது ஓட்டுகிறவர். ஏற்றுகிறவருக்கு அந்தப் பயம் வேண்டாம் என்று எங்கள் ஹெல்மெட்டை நாங்களே கொண்டுவந்து விடுகிறோம்.

நான் நாலு வருடமாக அப்படி நிற்கிறேன். என் பாடசாலை ஒட்டுசுட்டானுக்கும் அங்கால், முல்லைத்தீவு வீதியிலிருந்து விலகி உள்ளே போகவேண்டும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர், அதில் பெரும்பகுதி காட்டு வழி. காலை பஸ் வந்தால் வரும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கும் ஆள் இல்லை. ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்கிற அந்த வெட்கம், ஆசிரியராக இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதை எழுத வைத்தது சித்தியின் மகன். ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறான். ஒருநாள் வட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, "அக்கா, நீங்கள் ஒவ்வொரு நாளும் செய்யிறதை இங்க பந்தயமா வச்சு ஓடுறாங்கள், தெரியுமோ" என்றான். அவனுடைய அறைத் தோழன் ஒரு கழகத்தில் இருக்கிறானாம். வாகனம் மறித்து ஏறிப்போவதற்கு ஒரு கழகம், விதிமுறை, தொடக்கக் கோடு, முடிவுக் கோடு, நேரம் பார்க்கிற நடுவர்! அன்று இரவு நித்திரை கொள்ளாமல் இருந்து தேடித் தேடி வாசித்தேன், பிறகு ஒரு மாதமாக அவனைப் பிடித்துக் கேள்வி மேல் கேள்வி.

ரஷ்ய மொழியில் இதற்கு அவ்தோஸ்தொப் என்று பெயர். இதை விளையாட்டாகவே ஒழுங்குபடுத்திய அமைப்புகளில் பழையது பீற்றர்ஸ்பேர்க் அவ்தோஸ்தொப் லீக். 1978இல், அந்த நகரம் இன்னும் லெனின்கிராட் என்ற பெயரில் இருந்தபோதே தொடங்கியது. அதன் தலைவராக அறியப்பட்டவர் அலெக்சேய் வோரொவ். சோவியத் காலத்திலேயே, தனியாரிடம் கார்கள் குறைவாக இருந்த ஒரு நாட்டில், லொறிகளை நம்பி இதைத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அப்புறம் மொஸ்கோவில் 1995இல் அன்டன் குரோத்தொவ் என்பவர் தொடங்கிய சுதந்திரப் பயணக் கழகம் ஒன்று இருக்கிறது. அவர்கள் வழி வேறு, அவசரப்படாமல் ஊர் ஊராகப் போய் மனிதர்களைச் சந்திப்பது. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. ஆனால் சிவப்புக் கோடு துரத்துகிற என்னைப் போன்றவளுக்கு, நேரம் பார்த்து ஓடுகிறவர்களிடம்தான் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது.

பந்தயத்தின் அடிப்படை எளிது. ஓர் இடத்தில் தொடங்கி இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும், பாதையில் வாகனங்களை மறித்து மட்டும். சாரதிக்குக் காசு கொடுக்கக்கூடாது. பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறக்கூடாது. பெரும்பாலும் சோடியாக ஓடுகிறார்கள், அநேகமாக ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அந்தச் சோடியை த்வோய்க்கா என்கிறார்கள், இருவர் என்றுதான் அர்த்தம். இதில் கணக்கு இருக்கிறது. தனியாக நிற்கும் ஆணைக் கண்டால் சாரதி பயப்படுவார், தனியாக நிற்கும் பெண்ணுக்கு அவளே பயப்படவேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் இரண்டு பயமும் குறையும். மூன்று பேரென்றால் லொறியின் முன்பக்கத்தில் இடம் காணாது. எங்கள் ஊரில் இளம் ஆணும் பெண்ணும் சேர்ந்து நின்று டிப்பரை மறித்தால் மாங்குளம் முழுக்க என்ன பேசும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இரண்டு ரீச்சர்மார் சேர்ந்து நிற்கலாம். நானும் எங்கள் கணித ரீச்சரும் இப்போது அப்படித்தான் நிற்கிறோம்.

எனக்கு மண்டையில் உறைத்தது ஒரு சின்னக் கணக்கு. மொஸ்கோவிலிருந்து பீற்றர்ஸ்பேர்க் ஏறத்தாழ 700 கிலோமீற்றர். லொறி மணிக்கு 70 வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள், பத்து மணித்தியாலம். நாலு இடத்தில் அரை அரை மணித்தியாலம் நின்றால் பன்னிரண்டு ஆகிவிடும். லொறி என்ன வேகத்தில் போகும் என்பது உங்கள் கையில் இல்லை, அது சாரதியின் பாடு. உங்கள் கையில் இருப்பது நிற்கிற நேரம் மட்டும். ஆக, இந்தப் பந்தயம் முழுக்க முழுக்க வீதியோரத்தில் நடக்கிறது. யார் குறைவாகக் காத்து நிற்கிறாரோ அவர் முன்னுக்கு வருகிறார். நாலு வருடமாக நான் காத்து நிற்பதை விதி என்று நினைத்திருந்தேன். அதைத் திறமை என்று நினைக்கிற மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள்!

அவர்கள் எங்கே நிற்பது என்பதை ஒரு பாடமாகவே படிக்கிறார்கள். சாரதி தூரத்திலேயே காணவேண்டும், கண்டு யோசிக்க அவருக்கு அவகாசம் வேண்டும், நிறுத்துவதற்கு ஓரத்தில் இடம் வேண்டும். வளைவில் நிற்காதே, இறக்கத்தில் நிற்காதே, பாரம் ஏற்றிய லொறி இறக்கத்தில் நிற்காது. ஏற்கெனவே வேகம் குறைகிற இடத்தில் நில். இதை வாசித்துவிட்டு அடுத்த நாள் காலை சந்தியைப் பார்த்தேன். நாங்கள் எல்லோரும் நிற்பது சந்தியிலேயே ஒரு மரத்து நிழலில். காரணம் நிழல், வேறொன்றும் இல்லை. ஏ-9 நெடுஞ்சாலையிலிருந்து திரும்புகிற வாகனம் அந்த இடத்தில் திரும்புவதிலேயே கவனமாக இருக்கும், பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கும், நிழலுக்குள் நிற்கிற எங்களை யார் காண்பது? ஒரு இருநூறு மீற்றர் முல்லைத்தீவுப் பக்கமாக நடந்து, மதகு தாண்டி, ஓரம் அகலமாக இருக்கிற இடத்தில் வெயிலில் நின்றோம். முன்பு அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் நின்ற நாங்கள், அன்று பத்து நிமிடத்துக்குள் ஏறிவிட்டோம். அதற்குப் பிறகு மழை நாளைத் தவிர அந்த மரத்தடிக்குப் போகவில்லை.

இன்னொன்று, பீற்றர்ஸ்பேர்க் ஆட்களின் உடுப்பு. கடும் மஞ்சள் நிறத்தில் கழுத்திலிருந்து கால் வரை ஒரே உடுப்பு, அதில் ஒளி பட்டால் மின்னுகிற பட்டிகள். இரவிலும் மறிக்கிறார்கள் என்பதால் அது உயிர் காக்கிற விஷயம். பார்க்கிற சாரதிக்கும், இவர் சும்மா திரிகிற ஆள் இல்லை, ஏதோ ஒரு ஒழுங்குக்குள் இருக்கிறவர் என்று தெரிந்துவிடும். எங்களுக்கு ஒழுங்கைக் காட்டுவது சேலை. தூரத்தில் சேலையையும் கைப்பையையும் கண்டாலே "ரீச்சர்மார் நிக்கினம்" என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சேலையோடு டிப்பரில் ஏறிப் பாருங்கள். முதல் படி என் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. இடது கையால் கொசுவத்தை அள்ளிப் பிடித்து, வலது கையால் கதவுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்து, பையை முதலே சீட்டில் எறிந்துவிட்டு, ஒரே மூச்சில் ஏறவேண்டும். பாதியில் யோசித்தால் சறுக்கும். ஒருமுறை சறுக்கி முழங்கால் தோல் உரிந்தது, அன்று முழுக்க நின்றபடிதான் படிப்பித்தேன். மார்கழியில் காலை இருட்டு, பனிமூட்டம் வேறு. அதனால் மாங்குளத்திலேயே ஒரு தையல்காரரிடம் கொடுத்து, வீதி வேலை செய்கிறவர்களின் அங்கியில் இருக்கிற அந்த வெள்ளிப் பட்டியை என் பையின் இரண்டு பக்கமும் வைத்துத் தைத்திருக்கிறேன். ஹெல்மெட்டின் பின்னாலும் ஒட்டியிருக்கிறேன்.

ஏறுவதை விட இறங்குவது முக்கியம் என்கிறார்கள் அவர்கள். கொஞ்சத் தூரம் போகிற வாகனம் வந்தால், அது உங்களை இப்போது நிற்கிற இடத்தை விட மோசமான இடத்தில் இறக்கிவிடுமா என்று கேட்டுக்கொண்டுதான் ஏறவேண்டும். இது எனக்கு முதலில் விளங்கவில்லை. வந்த வாகனத்தை விடுவதா? பிறகுதான் ஞாபகம் வந்தது. முதலாம் வருடம் ஒரு ஐயா லான்ட்மாஸ்டரில், அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில், ஏற்றினார். பாவம், அன்பான மனுசன், கரிப்பட்டமுறிப்புக்குக் கிட்டத் தன் வயலுக்குத் திரும்புகிற இடத்தில் இறக்கிவிட்டார். இரண்டு பக்கமும் காடு. வீதியில் ஆனை விட்டை, இன்னும் ஈரமாக. அந்த இடத்தில் எந்த வாகனமும் வேகம் குறைக்காது, குறைக்கவும் பயப்படும். ஒன்றரை மணித்தியாலம் அந்த விட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது யாராவது நிறுத்தினால் முதலில் "எது மட்டும் போறியள்?" என்று கேட்கிறேன், ஒட்டுசுட்டான் வரைக்கும் போகாவிட்டால், "பரவாயில்லை அண்ணை, நீங்கள் போங்கோ, நன்றி" என்று விட்டுவிடுகிறேன். யாரும் கோபித்ததில்லை.

சொற்கள் இரண்டு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வீதியோரம் கை நீட்டி மறிப்பதற்கு ரஷ்ய மொழியில் சொல்வது கலசவாத். அதே சொல்தான் தேர்தலில் வாக்களிப்பதற்கும். அடிச்சொல்லுக்குக் குரல் என்று அர்த்தமாம். கை உயர்த்துவது குரல் கொடுப்பது. அழகான சொல். மற்றது, தூர இடங்களுக்கு லொறி ஓட்டுகிறவருக்கு அவர்கள் சொல்கிற தல்னபோய்ஷிக். அது நெடுந்தூரம் சுடுகிற பீரங்கியிலிருந்து வந்த சொல் என்று தம்பி சொன்னபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்த வீதியில் அந்தப் பீரங்கிகளை நாங்கள் வேறு விதமாக அறிந்தவர்கள். பீரங்கிச் சொல் ஒன்று எங்கேயோ ஒரு நாட்டில், வழியில் நிற்கிறவனை ஏற்றிக்கொண்டு போகிற மனுசனுக்குப் பெயராகிவிட்டது. நல்லது.

அந்த லொறிக்காரர்களிடம் வானொலிக் கருவி இருக்கிறது, பதினைந்தாம் அலைவரிசை அவர்களுக்குப் பொது. பாதையில் பொலிஸ் நிற்கிறதா, விபத்தா என்று அதில் பேசிக்கொள்வார்கள். ஏறியிருப்பவர் கேட்டால், "அந்தப் பக்கம் போகிற யாராவது இருக்கிறீர்களா, என்னிடம் ஒருவர் இருக்கிறார்" என்று கேட்டு, கைமாற்றியும் விடுவார்களாம். ரஷ்யாவின் கிழக்கில் சீத்தாவிலிருந்து கபாரொவ்ஸ்க் வரைக்கும் போகிற அமூர் நெடுஞ்சாலை 2000 கிலோமீற்றருக்கும் மேல், 2010 அளவில்தான் முழுவதும் தார் போட்டு முடிந்தது. எங்கள் ஏ-9 கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் மட்டும் 321 கிலோமீற்றர். அமூர் மாதிரியான தூரத்தில், குளிரில், ஒரு குரல் உங்களை அடுத்த வண்டிக்குக் கொடுத்துவிடுகிறது என்று நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

எங்களுக்கும் அது புதிது இல்லை. அம்மா சொல்வா, யுத்தத்தால் பெற்றோல் வராத காலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடுவார்களாம். புகை மூக்கை அடைக்கும், ஆனால் பின் சீட் ஒருநாளும் சும்மா போனதில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் இருபது பேர். 2022இல் பெற்றோல் வரிசையில் நாங்கள் நின்றபோது அதையே நானும் கண்டேன். முன்பின் தெரியாத ஒருவர் நிறுத்தி, "கியூஆர் கோட்டுக்குக் கிடைச்சது இவ்வளவுதான், இருக்கிறதுக்குள்ள ஏறுங்கோ ரீச்சர்" என்றார். பெற்றோல் தாராளமாக வந்த பிறகு ஏற்றுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எனக்கு இது கவலை. மறித்து ஏறுவதை இப்போது இளம் ஆட்கள் பிச்சை கேட்பது மாதிரிப் பார்க்கிறார்கள். கையில் ஹெல்மெட்டோடு நிற்க வெட்கப்பட்டு, தவணைக் காசுக்கு ஸ்கூட்டி எடுத்து, சம்பளத்தில் பாதியை அதற்கே கட்டுகிறார்கள்.

பந்தயத்தில் சாரதிக்கு என்ன கிடைக்கிறது என்று தம்பியிடம் கேட்டேன். ஒன்றும் இல்லை, அவருக்குப் பேச்சுத்துணை, அவ்வளவுதான் என்றான். அதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை. போலந்தில் 1950களின் இறுதியில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். மறித்துப் பயணம் செய்கிறவர் ஒரு கூப்பன் புத்தகம் வாங்கி, ஏற்றுகிற சாரதிக்குத் தூரத்துக்கு ஏற்பக் கூப்பன் கிழித்துக் கொடுக்கவேண்டும். நிறையக் கூப்பன் சேர்த்த சாரதிகளுக்குப் பரிசு. அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏற்றுகிறவரையும் யாரோ எண்ணுகிறார்கள்.

ஆகவே இந்த ஆவணி விடுமுறையில் நாங்கள் ஒன்று செய்து பார்க்கப் போகிறோம். மாங்குளம் மதகடியிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரைக்கு, சோடி சோடியாக. காசு கொடுக்கக்கூடாது, பஸ் கூடாது. பொழுது படமுதல் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வாகன இலக்கத்தையும் ஏறிய நேரத்தையும் ஏறின உடனே குழுவுக்கு அனுப்பவேண்டும். நேரத்தோடு, எத்தனை சாரதிகள் ஏற்றினார்கள் என்பதையும் எழுதி வைப்போம். ஒவ்வொரு சாரதிக்கும் கொடுக்க முறிகண்டிக் கச்சான் பைக்கற்றுகள் வாங்கி வைக்கிறேன், காசு கொடுத்ததாக ஆகாது என்று நானும் கணித ரீச்சரும் பேசி முடிவெடுத்துவிட்டோம். இதுவரை நாலு சோடி சேர்ந்திருக்கிறது, எல்லோரும் ஆசிரியர்கள். இன்னும் இரண்டு சோடிக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் எனக்குத் தகவல் அனுப்புங்கள். ஹெல்மெட் அவரவர் கொண்டுவரவேண்டும். பட்டி தைக்க வேண்டுமென்றால் முதல் நாளே வாருங்கள், தையல்காரர் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை.