இராத்தங்கல் வண்டி நின்ற பிறகு

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. நான் பள்ளியில் படித்த காலத்தில் இரவு ஒன்பதரை மணிக்கு வரும் கடைசிப் பேருந்து ஊரிலேயே தங்கிவிடும். ஓட்டுநரும் நடத்துநரும் சமுதாயக் கூடத்துத் திண்ணையில் படுத்திருந்து, காலை ஐந்தரை மணிக்கு முதல் நடையை எடுப்பார்கள். இராத்தங்கல் வண்டி என்பது அதற்கு ஊரார் வைத்த பெயர். பால் கேன்களும், தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் பெண்களும், பக்கத்து ஊர்களுக்குக் களையெடுக்கப் போகிறவர்களும் அந்த ஒரு நடையில்தான் ஏறுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு அந்த வண்டி இரவில் தங்குவது நின்றது. இப்போது ஊருக்குள் வரும் முதல் பேருந்து ஏழு நாற்பதுக்குத்தான். இடையில் விழுந்த அந்த இரண்டு மணி நேரத்துக்குள் லோடு ஆட்டோ என்னும் சிறு சரக்கு வண்டி வந்து சேர்ந்தது.

காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேருந்தின் நேரம் எவ்வளவு முக்கியம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் புரியாது. உளுந்திலும் பாசியிலும் களையெடுக்க ஏழு மணிக்கெல்லாம் காட்டில் இறங்கியாக வேண்டும். வெயில் உச்சிக்கு ஏறும்போது வேலை முடிந்துவிடும். ஏழு நாற்பது பேருந்தில் போகிறவருக்கு அன்றைய கூலி இல்லை. எனவே ஆள் சேர்ப்பவர் அனுப்பும் வண்டியில் ஏறுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. என் சித்தி அப்படிப் போய்வந்த ஒரு நாளில், கண்மாய்க் கரைத் திருப்பத்தில் வண்டி சாய்ந்தபோது பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த மறு வாரமே அதே வண்டியில் ஏறினார். "வேற எதுல போகச் சொல்ற?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

2021 பிப்ரவரியில் மணியாச்சி அருகே விவசாயக் கூலிப் பெண்களை ஏற்றிச் சென்ற ஒரு லோடு ஆட்டோ கவிழ்ந்து ஐந்து பெண்கள் இறந்தனர். அந்தச் செய்தியைக் கேட்ட இரவில் எங்கள் தெருவில் யாரும் சரியாக உறங்கவில்லை. அந்த வண்டியில் போனவர்களைப் போன்றவர்கள் எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள்.

'குட்டி யானை' என்று மக்கள் அழைக்கும் டாடா ஏஸ் 2005இல் விற்பனைக்கு வந்தபோது, அது ஏறத்தாழ முக்கால் டன் சரக்குக்காக வடிவமைக்கப்பட்ட வண்டி. ஆளுக்கு ஐம்பது கிலோ என்று வைத்துக்கொண்டாலும், முப்பது பெண்கள் ஏறினால் ஒன்றரை டன் ஆகிறது. எடை மட்டும் இதில் ஆபத்து அன்று. மூட்டை தட்டில் படுத்திருக்கும், மனிதர்களோ நிற்கிறார்கள். நிற்பவர்களால் வண்டியின் பாரம் மேலே ஏறிவிடுகிறது, திருப்பத்தில் எல்லோரும் ஒரே பக்கம் சாயும்போது அந்தப் பாரமும் கூடவே நகர்கிறது. பக்கத் தட்டி இடுப்புக்குக்கூட எட்டாது. ஓட்டுநர் நிதானமானவராக இருந்தாலும், மாடு குறுக்கே வந்து ஒருமுறை பிரேக்கை அழுத்தினால் போதும்.

விபத்துக்குப் பிறகு வரும் துன்பத்தைப் பற்றிப் பலரும் அறிந்திருப்பதில்லை. சரக்கு வாகனத்தின் காப்பீட்டில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ உடன் பயணித்தால் பாதுகாப்பு உண்டு. மற்றபடி சும்மா ஏறிச் செல்லும் பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. ஆகவே காட்டு வேலைக்குப் போய் இறந்தவரின் குடும்பம், இழப்பீட்டுக்காகப் பெரும்பாலும் வண்டி உரிமையாளரையே எதிர்நோக்க வேண்டியிருக்கிறது. அவரோ கடன் தவணையில் அந்த ஒரு வண்டியை வாங்கி வைத்திருப்பவர். ஏறும்போது எந்தப் பெண்ணுக்கும் இது தெரியாது. தெரிந்தாலும் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஒவ்வொரு பெரிய விபத்தையும் அடுத்துச் சில நாள்கள் சோதனை நடக்கிறது, அபராதம் விதிக்கப்படுகிறது. அது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோதனை நடக்கும் வாரத்தில் வண்டிகள் பிரதான சாலையை விட்டு ஓடைக்கரை மண்பாதை வழியாகப் போவதைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில், பேருந்து வராத நேரத்தில் விதிக்கப்படும் தடை ஆபத்தை இன்னொரு பாதைக்கு மாற்றுகிறதே தவிரக் குறைப்பதில்லை என்பதே என் கருத்து. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கலாம் என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மிகப் பெரிய ஆறுதல். சித்தி மருத்துவமனைக்குத் தனியாகப் போய்வரத் துணிந்ததே அதற்குப் பிறகுதான். ஆயினும் கூலி வேலைக்கான நேரத்தில் வண்டியே இல்லாதபோது அந்தச் சலுகை காலையில் அவருக்குப் பயன்படுவதில்லை.

ஏழு நாற்பது பேருந்திலும் இதன் விளைவு தெரிகிறது. முன்பு இரண்டு நடைகளில் பிரிந்து சென்ற கூட்டம் ஒன்றில் சேர்வதால், பள்ளிப் பிள்ளைகள் படிக்கட்டில் தொங்குகிறார்கள். அதற்காக அவர்களைத் திட்டுகிறவர்கள் ஒருநாள் அந்த வண்டிக்குள் நுழைய முயன்று பார்க்க வேண்டும்.

பேருந்து செல்லாத ஊர்களுக்காக 1997இல் மினி பேருந்துத் திட்டம் வந்தது. 2025இல் அது புதிய விதிகளுடன் விரிவாக்கப்பட்டது. தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அதில் 65 விழுக்காட்டுக்குக் குறையாத பகுதி பேருந்து வசதியற்ற பாதையாக இருக்க வேண்டும் என்கிறது புதிய திட்டம். நல்ல விதிதான். எனினும் எங்கள் ஊரின் குறை பாதையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பகல் பதினொரு மணிக்கு ஒரு பேருந்து வருகிறது என்பதற்காக இந்த ஊரை வசதியுள்ள ஊராகக் கணக்கில் எழுதிக்கொண்டால், விடியலில் வேலைக்குப் போகும் பெண்கள் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

கடந்த அக்டோபர் 2 கிராம சபையில், இராத்தங்கல் வண்டி மீண்டும் வேண்டும் என்பதைத் தீர்மானமாக வைத்தோம். "பேருந்து வசதி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதிலே வரும் என்பதால், எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர், எந்தத் திசைக்கு, எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று ஒரு வாரம் கணக்கெடுத்து இணைத்தோம். ஓட்டுநரும் நடத்துநரும் தங்குவதற்குச் சமுதாயக் கூடத்தின் பின் அறையைச் சுத்தம் செய்து, விளக்கும் மின்விசிறியும் பொருத்தித் தருவதாக ஊரார் எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். களையெடுப்புக்குப் போகும் பெண்கள் நாற்பத்தொரு பேர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்காததால் சித்தி இடது கைப் பெருவிரலைப் பதித்தார். போக்குவரத்துக் கழகக் கிளை அலுவலகத்தில் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது என்னிடம் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.