நாலு மூட்டை ரை விதை

"மக்காச்சோளத்தைக் குவித்து வைத்து மானை வேட்டைக்கு வரவழைத்தால் தப்பு. ஃபுட் பிளாட் என்று மானுக்காகவே நிலத்தில் பயிர் விதைத்து வரவழைத்தால் மட்டும் சரியா? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

போன ஆகஸ்டில், நான் நிற்கிற விதைக்கடைக்கு வந்த ஒரு வேட்டைக்காரர் கேட்டது இது. நான் சொன்ன பதிலும் அப்படியே நினைவிருக்கிறது. "குவியலில் எல்லா மானும் ஒரே இடத்தில் வாய் வைக்கும். விதைத்த நிலத்தில் பரவி மேயும். சட்டமும் தடுக்கவில்லை."

அதில் பொய் எதுவும் இல்லை. தெற்கு விஸ்கான்சினில் விதைக்கடையில் நிற்கிற யாரும் அதைத்தான் சொல்வார்கள். மானை உருக்கிக் கொல்லும் சிடபிள்யூடி நோய் 2002-இல் எங்கள் பக்கத்தில்தான் மாநிலத்திலேயே முதலில் தெரியவந்தது. தீனி கொட்டி வைக்கத் தடை. விதைக்கத் தடையில்லை.

அப்புறம் மண் பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். பி.எச். 5.3, புளிப்பு அதிகம். மான் விரும்பி மேயும் குளோவரும் டர்னிப்பும் கேட்டிருந்தார். வேண்டாம் என்றேன். சுண்ணாம்பு போட்டாலும் மண் மாற ஆறு மாதமாவது ஆகும், அதற்குள் பனி விழுந்துவிடும். கோதுமை மாதிரித் தானியப் பயிரான ரை புளித்த மண்ணிலும் வந்துவிடும். ஏக்கருக்கு 100 பவுண்டு, ரெண்டு ஏக்கருக்கு 50 பவுண்டு மூட்டை நாலு. விலை கூடிய விதையை அவர் தலையில் கட்டவில்லை. அதில் எனக்கு அன்றைக்குப் பெருமைதான்.

நவம்பரில் போனில் படம் காட்டினார். சுற்றிலும் காய்ந்த காட்டுக்கு நடுவே பச்சைப் பசேலென்று ரை, ஓரமெல்லாம் குளம்புத் தடம். அந்தப் பச்சையில் நின்ற ஆண் மானைத்தான் சுட்டார். அதன் தலையை அந்த நோய்க்கான பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். டிசம்பரில் வந்தவர், "பாசிட்டிவ். இறைச்சியை எறிந்துவிட்டேன்" என்றார். என்மேல் எந்தக் குறையும் சொல்லவில்லை.

தொற்றிய மானுக்கு நோய் வெளியே தெரியவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். என் ரை முளைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அது எங்கேயோ முன்னாலேயே வாங்கி வந்த நோயாகத்தான் இருக்கும். சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும் விளைகிற ஊர், மான் அங்கேயும் கூட்டமாகத்தான் மேய்கிறது. இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

ஆனால் மற்ற மான்கள்? அந்த நோய் எச்சிலிலும் மூத்திரத்திலும் சாணத்திலும் இறங்கி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். சுற்றிலும் எல்லாம் காய்ந்த பிறகு பச்சையாக நிற்பது அந்த ரெண்டு ஏக்கர்தான். இரவுக்கு இரவு அங்கேயே வந்தால் அதற்குப் பெயர் பரவி மேய்வதா? அவர் சட்டத்தைக் கேட்கவில்லை. சரியா என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகத்தான் நான் சட்டத்தைச் சொன்னேனோ என்னவோ. 'எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு' என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்போதும் வாங்கியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. சொல்லாமல் விட்டதற்கு அது பதிலாகுமா, தெரியவில்லை.

இந்த ஆகஸ்டிலும் வந்தார். அதே நாலு மூட்டை. எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கேள்வியை மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் இந்த முறை சொல்லிவிடுவது என்றிருந்தேன்.

சுண்ணாம்பு எவ்வளவு போடலாம் என்றுதான் கேட்டார். கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.