சாய்ந்த தெருவுக்கு ஒரு ராம்ப்

பெங்களூரு பனசங்கரிப் பக்கம் 40-க்கு 60 அடி மனை. கார் நிறுத்தும் தளம் கேட்டுக்கு இரண்டரை அடி கீழே. 1:8 சரிவு, அதாவது 8 அடிக்கு 1 அடி இறக்கம், வைத்தால் 20 அடியில் இறங்கிவிடலாம். கட்டடம் வரையும் மென்பொருளான ரெவிட்டில் ராம்ப் (சரிவுப் பாதை) கருவியை எடுத்து அரை மணி நேரத்தில் வரைந்து கொடுத்துவிட்டேன்.

படத்தைப் பார்த்த தர்மபுரி மேஸ்திரி அண்ணன் ஒன்றுதான் கேட்டார்: "கேட்டோட எந்த ஓரத்துல லெவல் எடுத்தீங்க மேடம்?"

கைக்கு வந்த சர்வேயில் தெருவுக்கு இருந்தது ஒரே லெவல், அதுவும் கேட் நடுவில். அன்று மாலையே இருவரும் தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் பிடித்தோம். 40 அடி முகப்புக்குள் தெரு 2 அடி இறங்குகிறது. அப்படியென்றால் 10 அடி கேட்டுக்குள்ளேயே அரை அடி வித்தியாசம். மேட்டு ஓரத்தில் 33 அங்குலம் இறங்க வேண்டும், பள்ள ஓரத்தில் 27. நான் போட்ட 1:8 நடுக்கோட்டில் மட்டும்தான். மேட்டு ஓரம் 1:7-க்குப் பக்கத்தில் போய்விட்டது. திடீரென்று மடியும் இடத்தில் காரின் அடிவயிறும் தட்டும்.

ராம்ப் கருவி இரு ஓரங்களையும் ஒரே அளவில்தான் இறக்கும். ரெவிட்டில் தளம் வரையும் ஃப்ளோர் கருவியில் சரிவு அம்புக்குறி போட்டால் கிடைப்பது ஒற்றைத் தட்டைப் பரப்பு. எனக்கு வேண்டியதோ மேலே சாய்ந்து, கீழே மட்டமாக முடியும் முறுக்கிய பரப்பு. ஆகவே ஃப்ளோராகவே வரைந்து, புள்ளி புள்ளியாக உயரம் கொடுத்தேன். முதலில் சர்வேயின் 100-ல் தொடங்கும் லெவலை அப்படியே தட்டிவிட, தளம் வானத்துக்குப் போனது. அங்கே கேட்பது அந்த ஃப்ளோரின் மட்டத்திலிருந்து எவ்வளவு என்பதை. கார் தளத்தைப் பூஜ்யமாக வைத்ததும் எல்லாம் பிடிபட்டது.

அடிவயிறு தட்டாமலிருக்க, மேட்டு ஓரத்தில் மேல் முனையிலும் கீழ் முனையிலும் 4 அடிக்கு 1:16, நடுவே 18 அடிக்கு 1:8. மொத்தம் 26 அடி. கூடுதல் 6 அடிக்காகப் படிக்கட்டைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்காரம்மா முகம் சுளித்தார், ஆனாலும் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நின்றேன்.

மூலைகளுக்கு மட்டும் உயரம் கொடுத்தால் நடுப்பகுதி குறுக்காக ஒரு மடிப்பு விழுந்து நிற்கிறது. 3 அடிக்கு ஒரு பிரிகோடு போட்டதும் முறுக்கு சீராகப் பரவியது. ஃப்ளோரின் அடுக்கு அமைப்பில், கனம் மாறலாம் என்று சொல்லும் 'வேரியபிள்' குறியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அடிப்பக்கம் தட்டையாகவே நின்று, மேட்டில் கான்கிரீட் இரண்டே முக்கால் அடி கூடுதல் கனமாகக் காட்டும். தெருவைத் தனியாக வரையவில்லை. ரெவிட் 2024 பதிப்பில் வந்த, நிலத்தை வரையும் டோப்போசாலிட்டில் தெருவை உட்பிரிவாகப் பிரித்து எடுத்தேன், தரைச் சரிவோடு அதுவே படிந்துகொண்டது.

தளம் போடும் நாளன்று அண்ணன் தாளைப் பார்த்துப் பார்த்து இரு சுவரிலும் ஒன்பது ஒன்பதாகக் குறி வைத்தார். கார் தளத்திலிருந்து அங்குலக் கணக்கில், மேட்டுப் பக்கம் 33, 30, இருபத்தைந்தரை, 21... பள்ளத்துப் பக்கம் 27, 24, இருபதரை, 17... குறிக்குக் குறி நூல் கட்டினார். கேட்டருகே அரை அடி சாய்ந்து நின்ற நூல்கள், கீழே போகப் போக நிமிர்ந்து, கடைசி 4 அடியில் மட்டமாயின.