தோளில் ஒரு ஜோடிக் கழுகு

இரண்டு நாளாக ஒரு ஜோடிக் கழுகையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில்தான். அசல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தென்மேற்கு ஸ்பெயினில் கிடைத்தவை; 6ஆம் நூற்றாண்டு, அப்போது ஸ்பெயினை ஆண்ட விசிகோத் என்ற ஜெர்மானிய மக்களுடையவை. மேலங்கி நழுவாமல் இரண்டு தோளிலும் குத்திக்கொள்ளும் ஊக்கு. நம்ம சேஃப்டி பின் வேலைதான், ஆனால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 14 செ.மீ. உயரம்! குத்திக்கொண்டு கழுத்தைத் திருப்ப முடிந்ததா என்பதுதான் என் கவலை.

வெண்கலத்தின் மேல் தங்கத் தகடு. அதில் சின்னச் சின்ன அறைகள் கட்டி, உள்ளே கார்னெட் என்ற சிவப்புக் கல், கண்ணாடி. இறகு, நெஞ்சு எல்லாமே அந்தக் கட்டங்கள்தான். தலை மட்டும் பக்கவாட்டில் திரும்பி முறைக்கிறது.

இந்த மாதிரி நகைகளில் ஒரு அழகான கள்ளத்தனம் உண்டு. கல்லை மெல்லிய சில்லாக்கி, அடியில் கட்டம்கட்டமாக அச்சு பதித்த தங்கத்தாளை வைத்துவிடுவார்கள். வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது கல் உள்ளிருந்தே கனலும்.

அந்தக் காலத்து ஐரோப்பிய நகைகளின் கார்னெட்களைச் சோதித்தபோது, பலவும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று தெரிந்தது. கி.பி. 600-ஐ ஒட்டி அந்த வரத்து குறைந்ததும் பொஹீமியக் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) கற்களுக்கு மாறினார்கள். அவை பொடிக் கற்கள்.