பையன் மாறிப்போனால் முதலில் எங்கே போவது?

எங்கள் பக்கம் இருபது வயசுப் பையன் ஒருத்தன் ராத்திரி தூங்காமல், யாரோடும் பேசாமல், தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு இருந்தால் வீட்டில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பாண்டி கோயில், அப்புறம் கோடாங்கி, அப்புறம் ஏர்வாடி, நடுவில் யாராவது பெரியவர் வந்து ‘ஒரு கால்கட்டைப் போட்டா சரியாயிடும்’ என்பார், எல்லாம் முடிந்து கையில் காசும் தீர்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை, நானும் போகிறவள்தான். ஆனால் அந்த வரிசையில் ஆஸ்பத்திரி கடைசியில் நிற்கக் கூடாது, சாமி கும்பிட்ட அதே வாரத்தில் டாக்டரையும் பார்த்துவிட வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் அக்கா மகன். திருமங்கலம் பக்கம் வீடு, பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். முதலில் மார்க் குறைந்தது, அப்புறம் குளிக்க மாட்டேன் என்றான், போன் கேமரா மேல் பிளாஸ்டர் ஒட்டினான். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சித்தி, எதிர்வீட்டு மாடில நின்னு என்னையப் பத்தியே பேசுறாங்க, உங்களுக்குக் கேக்கலையா?” என்றான். அவன் கண்ணில் இருந்த பயம் நிஜமான பயம். காலேஜில் கூப்பிட்டு ‘கொஞ்ச நாள் வீட்ல வச்சுக்கங்க’ என்று அனுப்பிவிட்டார்கள், எங்கே காட்டலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

டாக்டர்கள் இதை சைக்கோசிஸ் என்கிறார்கள். இல்லாத குரல் கேட்பது, யாரோ தன்னைக் கண்காணிப்பதாக நம்புவது, பேச்சு கோவையில்லாமல் போவது. பெரும்பாலும் பதின்வயசின் கடைசியிலோ இருபதுகளிலோதான் ஆரம்பிக்கிறது, அதாவது சரியாகப் படிப்பும் வேலையும் அமைகிற காலத்தில். வளர்ப்பு சரியில்லாததால் வருவதில்லை, தாய்மார்கள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் தப்பில்லை. கஞ்சா பழக்கம் இருந்தால் ஆபத்து கூடும், அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அமெரிக்காவில் 2008-ல் ரெய்ஸ் என்று ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டம் தொடங்கினார்கள். அதில் ஒரு பகுதியாக 34 மருத்துவ மையங்களில் முதல் முறையாக இந்த நோய் வந்த 404 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பகுதியினருக்கு ஒரு குழுவே சேர்ந்து வேலை பார்த்தது: கவனமாக அளவு பார்த்து மாத்திரை தருகிற டாக்டர், பேசிப் புரியவைக்கிற ஆலோசகர், படிப்புக்கோ வேலைக்கோ திரும்பக் கூட்டிப்போகிற ஒருவர், குடும்பத்துக்கு நோயைப் பற்றிச் சொல்லித்தருகிற ஒருவர். குழு பார்த்தவர்கள் சிகிச்சையை விடாமல் அதிக நாள் தொடர்ந்தார்கள், வாழ்க்கைத் தரமும் நன்றாக இருந்தது. சீக்கிரம் வந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். அங்கேயே, அத்தனை வசதி இருந்தும், நோய் தொடங்கிச் சிகிச்சைக்கு வருவதற்குள் பாதிப் பேருக்கு 74 வாரத்துக்கு மேல் ஓடிப்போயிருந்தது. கிட்டத்தட்ட ஒன்றரை வருடம்!

எனக்கு அதைவிட மனசில் நிற்பது நம் ஊர்க் கதைதான். சென்னையில் ஸ்கார்ஃப் என்கிற மனநல நிறுவனத்திலும் கனடாவின் மான்ட்ரியாலிலும் ஒரே மாதிரியான ஆரம்பகாலச் சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டார்கள், முடிவு 2020-ல் வந்தது. குரல், சந்தேகம் இதெல்லாம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் பேச்சு, ஆசை, ஆர்வம் எல்லாம் வற்றி ஒடுங்கிப்போகிற பிரச்சினை சென்னையில் நன்றாகக் குறைந்தது. அங்கே குடும்பம் கூடவே நின்றதும் அதிகம். டாக்டர் அறை வாசலில் அம்மா, அப்பா, மாமா என்று மூன்று பேர் காத்திருப்பது நமக்கு ரொம்பச் சாதாரணம், அந்த மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்கு அப்படி ஒரு சமூகப் பணியாளர் அமைந்தார். குரல் கேட்கிறது என்றால் ‘ஆமா’ என்றும் சொல்லாதீர்கள், ‘பொய்’ என்று சண்டையும் போடாதீர்கள் என்றார். அதிலிருந்து அக்கா, “எனக்குக் கேக்கலய்யா, ஆனா உனக்கு எம்புட்டுப் பயமா இருக்கும்னு தெரியுது” என்பாள். அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். பகல் முழுக்கப் படுத்துக்கிடந்தால் சோம்பேறி என்று திட்டக் கூடாது, பாதி நோய், பாதி மாத்திரை. அவனுக்கு முதல் வேலையாகக் கொடுத்தது சாயங்காலம் பால் வாங்கி வருவது. அப்புறம் மாமாவோடு கடையில் ஒரு மணி நேரம். படிப்புக்கு வர ரொம்ப நாளாயிற்று, வந்தான், இப்போது அரியர் எழுதுகிறான்.

மாத்திரை பற்றி ஒன்று. சில மாத்திரைக்குப் பசி கூடும், எடை ஏறும், கை நடுங்கும். பையன்கள் அதனாலேயே நிறுத்திவிடுகிறார்கள். நல்லாத்தானே இருக்கிறான் என்று வீட்டிலும் விட்டுவிடுகிறோம், சில மாதத்தில் எல்லாம் திரும்ப வந்துவிடும். நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றலாம், மாத்திரையையே மாற்றலாம். இந்த நிலையில் கல்யாணம் பேசவே பேசாதீர்கள், வருகிற பெண்ணும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

மதுரையில் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். 1992-லிருந்து மனநலத்துக்காக இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். சாகணும் என்று பேசினாலோ, ‘செத்துப்போ’ என்று குரல் சொல்கிறது என்றாலோ தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள். போகும்போது அவனோடு தினமும் இருக்கிறவர் கூடப் போக வேண்டும். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, என்ன சொல்கிறான், எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே இருக்கிற கூட்டத்தில் பாதி மறந்துவிடும்.